டாக்டரம்மாவின் முதல் படகு

அத்தியாயம் 9

மூன்று வாரங்களுக்கு முன்னால் வைஜெயந்தி தன் அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலை இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், முப்பத்தைந்து வயது மகள் அப்பாவுக்குக் கடிதம் கொடுப்பதென்றால் காரணம் இல்லாமல் இருக்காது. ஜம்புலிங்கம் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து சூப்பரின்டெண்டெண்டாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அலுவலகம் அவர் கூடவே போர்ட் பிளேயர் புரோத்ராபூர் வீட்டுக்கு வந்துவிட்டது. வாயால் சொல்லப்படும் எதுவும் அவர் காதில் ஏறாது. காஸ் தீர்ந்துவிட்டது என்பதைக்கூட மனைவி சுசீலா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்தால்தான் சிலிண்டர் வரும்.

கடிதத்தின் தலையில் ‘பொருள்: கிளினிக்கின் பத்தாண்டு நிறைவும் அடுத்த கட்டமும் தொடர்பாக’ என்று எழுதியிருந்தாள். எடுத்த எடுப்பில் அப்பாவை அதிரவைக்க வேண்டாம் என்கிற நல்லெண்ணம். விஷயம் அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. அபர்டீன் பஜாரில் இருக்கும் பல் கிளினிக்கை மூடப் போகிறாள். வண்டூர்க் கடற்கரையில் சிலுவைராஜ் என்பவரின் ஷெட்டில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் முழு நேரமாக இறங்கப் போகிறாள்.

மறுநாள் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், ‘பார்த்தேன். உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ பணியில் இருந்தவரை பச்சை மையில் எழுதும் தகுதி ஜம்புலிங்கத்துக்கு வரவில்லை. ஓய்வுக்குப் பிறகு தடுக்க யாரும் இல்லை.

அப்பா படித்துவிட்டார் என்று வைஜெயந்தி நம்பினாள். அவர் படித்தது ‘பொருள்’ வரியை மட்டும். முப்பத்து நான்கு வருடமும் கோப்புகளை அவர் அப்படித்தான் பார்த்தார். எந்தக் கோப்பும் எழுந்து வந்து புகார் சொன்னதில்லை.

அதனால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. ‘தீவுத் தமிழர் பண்பாட்டுப் பேரவை’க்கு ஜம்புலிங்கம்தான் செயலாளர். பேரவையில் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர், அவர்களில் நிர்வாகிகள் முப்பத்தொரு பேர். பேரவையின் சார்பில் டாக்டர் வைஜெயந்திக்குப் பாராட்டு விழா. ‘முத்துநகைச் செல்வி’ பட்டம். ‘அடுத்த கட்டமும்’ என்று மகளே எழுதிவிட்டாள் அல்லவா, அதற்காகக் கிளினிக் வாடகை ஒப்பந்தத்தை மேலும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து, மேடையிலேயே கையெழுத்து. ஒப்பந்தம் ஜம்புலிங்கத்தின் பேரில் இருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் திருநாவுக்கரசுவும் பேரவையின் துணைத் தலைவர்களில் ஒருவர் என்பதால் எல்லாம் சுலபமாகக் கூடிவந்தது.

அந்த விழா இன்று மாலை நான்கு மணிக்கு.

*

காலை எட்டு மணிக்கு ஜம்புலிங்கம் செல்போனோடு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். விழாவுக்கு வருவதாக இருந்த தலைமை விருந்தினர் நேற்று மாலை விமானத்தில் மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். இந்த ஊரில் இது புதிதல்ல. எந்தப் பேரவையும் அதற்குத் தயாராகவே இருக்கும். ஜம்புலிங்கத்திடம் தமிழ் அதிகாரிகளின் பட்டியல் ஒன்று உண்டு. பெயர், பதவி, லீவில் போகும் மாதம், மேடையில் எத்தனை நிமிடம் பேசுவார் என்கிற விவரங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

“வணக்கம் சார். பேரவை செயலாளர் ஜம்புலிங்கம் பேசறேன். இன்னைக்கு சாயங்காலம் தாங்கள் ஊரில் இருக்கிறீர்களா?”

பட்டியலில் ஆறாவது பெயர் சுரேந்திரன், துறைமுக அலுவலகத்தில் படகுகளைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயர். முதல் ஐந்து பேரும் ஊரில் இல்லை, அல்லது இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

“மத்தியானம் வரைக்கும் வண்டூர்ல ஒரு இன்ஸ்பெக்ஷன் இருக்கே சார்,” என்றது அந்தப் பக்கம். “என்ன ஃபங்ஷன்?”

“ஒரு டாக்டருக்குப் பாராட்டு. ஆன்றோர் சபை.”

“டீ உண்டா?”

“சமோசாவும் உண்டு சார்.”

தலைமை விருந்தினர் உறுதியானார்.

வாசலில் வைஜெயந்தி பழைய சுடிதாரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சுசீலா கூடவே வந்தாள். மகளின் படகு விவகாரம் அவளுக்குத் தெரியும். கார் நிகோபாரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் மருமகன் சுதாகருக்கும் தெரியும். போனில் சொன்னபோது அவன் “சரி, சரி” என்று இரண்டு தடவை சொன்னான். இரண்டாவது சரி விஷயத்துக்கா, சிக்னலுக்கா என்று வைஜெயந்தி ஆராயவில்லை.

“நாலு மணிக்குப் பட்டுப்புடவையோட நிக்கணும்டி. உங்கப்பா பேனருக்குன்னு உன் காலேஜ் போட்டோவ எடுத்துக் குடுத்திருக்காரு.”

“நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன்மா. படிச்சிட்டு இப்படிப் பண்றார்னா என்ன அர்த்தம்? ‘உன் பேச்சு எனக்கு வேணாம், நான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா நீ அடங்கிருவே’ன்னுதானே நெனக்கிறார்?”

“அவர்ட்டயே கேளேன்.”

“கேட்டா எழுதிக் குடுன்னுவாரு.”

சுசீலா கேட்டைத் திறந்துவிட்டாள்.

“இன்னைக்குப் படகு தேறிடுச்சுன்னா மேடையில வாயத் தொறந்து சொல்லிடுவேன்,” என்றாள் வைஜெயந்தி. “தேறலைன்னா பேசாம உக்காந்து அவர் கையெழுத்துப் போடறதப் பாத்துட்டு இருப்பேன். அஞ்சு வருஷம்.”

ஸ்கூட்டர் கிளம்பியது.

*

பல் மருத்துவம் அவள் மீது யாரும் திணித்த படிப்பல்ல. பதினேழு வயதில் அழுது, சாப்பிடாமல் கிடந்து, தீவு ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, மெயின்லேண்டுக்குக் கப்பலேறிப் போய்ப் படித்தாள். பிற்பாடு அது தன் யோசனை என்று ஜம்புலிங்கம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

தொழிலில் குறை ஒன்றும் இல்லை. கிளினிக்கில் கூட்டம் இருந்தது. ஆனால் இரண்டு வருடமாகவே காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வேறு யாருடைய கடையையோ திறப்பதுபோல இருந்தது. அதை நோய் என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். தீபாவளிக்கு மெயின்லேண்ட் போய்வந்தாள். சரியாகவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் சிலுவைராஜ் கடைவாய்ப்பல் வலியோடு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், வண்டூரில் படகு ஷெட் வைத்திருக்கிறவர். மரத்துப்போகப் போட்ட ஊசி ஏறும்வரை புலம்பினார். ஒரு படகின் அடியில் விரிசல், எத்தனை தடவை பூசினாலும் ஆறே மாதத்தில் அதே இடத்தில் வாய் திறக்கிறது.

“உள்ள கெட்டத முழுசா எடுக்காம மேல பூசினா அப்படித்தான் அண்ணே. பல்லும் அதான்,” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இல்லை. மூன்று மாதமாக மதியங்களிலும் இல்லை. விரிசலைச் சரிவாகத் தேய்த்துத் திறப்பது, ஈரம் போகும்வரை காத்திருப்பது, ரெசின் பசையில் நனைத்த கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்டுவது, அவசரப்படாமல் இறுக விடுவது. கை எல்லாவற்றையும் ஏற்கெனவே அறிந்திருந்தது. இங்கே வாய் இன்னும் பெரியது, வேண்டுமானால் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளலாம்.

“முழுசா நீங்களே பாக்குற மொத படகு சர்வேல பாஸாவட்டும். ஷெட்டுல பாதி உங்களுக்குத்தான்,” என்று சிலுவைராஜ் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த முதல் படகுக்குத்தான் இன்று சர்வே. பவளப்பாறையில் மோதி அடிவயிறு கிழிந்து வந்த, பொன்னுத்துரை என்பவரின் படகு.

பதினோரு மணிக்கு சுரேந்திரன் வந்தார். குட்டையான மனிதர், கையில் குட்டையான சுத்தியல். கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் அடிப்பாகத்தை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கெட்டியாகச் சத்தம் வரும். உள்ளே ஒட்டாமல் விட்டிருந்தால் ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்கும்.

டிக், டிக், டிக்.

பழுதுபார்த்த இடம் வந்தது. வைஜெயந்தி தன் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

டிக்.

சுரேந்திரன் நின்றார். திரும்ப அதே இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். “ஒட்டுன ஜோடு எங்க இருக்குன்னே தெரியலையே. யார் பண்ணது?”

“இவியதான்,” என்றார் சிலுவைராஜ், வைஜெயந்தியைக் காட்டி.

“மேடமா? எங்க கத்துக்கிட்டீங்க?”

“வேற வேலைல கத்துக்கிட்டேன் சார்.”

“அச்சா. தண்ணில போடுங்க. லோடு வைங்க.”

மணல் மூட்டைகளை ஏற்றிப் படகைத் தண்ணீரில் விட்டார்கள். உள்ளே, ஒட்டுப்போட்ட இடத்தில், பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார் சுரேந்திரன். ஒரு மணி நேரம். சொட்டு ஈரம் ஏறினாலும் தாள் காட்டிக் கொடுத்துவிடும்.

சிலுவைராஜின் மனைவி ஆரோக்கியசெல்வி ஷெட் வாசலில் வைஜெயந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எதுக்கு இப்பிடி நகத்தக் கடிக்கிய? பல்லுக்கு நல்லதில்லன்னு எனக்குச் சொன்னது நீங்கதான.”

“எனக்குச் சொல்ல ஆளில்ல அக்கா.”

“நான் சொல்லுதேன். கடிக்காதிய.” வைஜெயந்தியின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “ஏன் டாக்டரம்மா, ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலைய விட்டுட்டு இந்த நாத்தத்துக்கு ஏன் வாரிய? நான் கேக்கல. எங்க தெருவுல கேக்காவ.”

“தெருவுக்கு என்ன சொன்னீங்க?”

“கிறுக்குன்னு சொன்னேன். அதுக்கு மேல கேக்க மாட்டாவள்ல.”

வைஜெயந்தி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. சுரேந்திரன் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு படகில் ஏறினார், குனிந்தார், செய்தித்தாளை எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு அதிலிருந்த கிரிக்கெட் செய்தியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

“சார்,” என்றார் சிலுவைராஜ். “டீக் ஹை?”

“என்ன? ஆமா, டீக் ஹை. பொரி மாதிரி காஞ்சு கெடக்கு. பாஸ்.” தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். “ஜல்தி படகோட பேப்பரக் குடுங்க, சீல் போடறேன். நாலு மணிக்கு எனக்கு ஊர்ல ஒரு ஃபங்ஷன்.”

வைஜெயந்தி கடலைப் பார்த்து நின்றாள். சந்தோஷம் வருவதற்கு முன் பயம் வந்துவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டிருக்கக் காரணம் இல்லை.

“நீங்களும் அக்காவும் சாயங்காலம் ஹாலுக்கு வாங்க அண்ணே,” என்றாள். “பின்னாடி உக்காந்திருந்தாப் போதும்.”

*

அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஹால். பேனரில் ஊரின் புதுப் பெயரான ஸ்ரீ விஜயபுரம் என்று போட்டிருந்தது. வரவேற்புரையில் பழைய பெயரில் போர்ட் பிளேயர் என்று சொன்னார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆட்டோக்காரரிடம் அபர்டீன் என்று சொல்லித்தான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

மேடையில் பதினான்கு நாற்காலிகள், கீழே இருபத்தொரு பேர். காலேஜ் போட்டோவில் இரட்டைச் சடையோடு சிரித்த வைஜெயந்திக்குக் கீழே, பட்டுப்புடவையில் சிரிக்காத வைஜெயந்தி உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் சிலுவைராஜும் ஆரோக்கியசெல்வியும். முதல் வரிசையில் சுசீலா.

ஜம்புலிங்கம் தலைமை விருந்தினரைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவந்தபோது வைஜெயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுரேந்திரன் அவளைப் பார்த்தார். கும்பிட்டார். அடையாளம் தெரியவில்லை. பட்டுப்புடவையும் காலை வேளையின் அழுக்குச் சுடிதாரும் அவர் மனதில் ஒன்றுசேரவில்லை.

பேரவை மரபுப்படி ஒன்பது பேர் ‘சுருக்கமாக’ப் பேசினார்கள். பிறகு சுரேந்திரனைப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். வாங்கிக்கொள்ள வைஜெயந்தி கையை நீட்டியபோது சுரேந்திரனின் பார்வை அவள் விரல்களில் நின்றது. நகக்கண்ணில் ரெசின். மண்ணெண்ணெய், சோப்பு எதற்கும் போகாத மஞ்சள்.

“மேடம்,” என்றார் மெதுவாக. “காலைல வண்டூர்.”

“ஆமா சார்.”

சுரேந்திரன் மைக்கைப் பிடித்தார். பல்லைப் பற்றிப் பேசச் சொல்லி ஜம்புலிங்கம் எழுதிக் கொடுத்திருந்த தாளை மேஜையில் வைத்துவிட்டார்.

“எனக்குப் பேச வராது. ஆனா இந்த மேடத்தோட வேலைய நான் இன்னைக்குக் காலைலதான் பாத்தேன். பதினாறு வருஷமா சர்வே பண்றேன். இப்படி ஒரு ஃபினிஷிங் பாத்ததில்ல.”

கைதட்டல். ஜம்புலிங்கம் பெருமையோடு பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்தார். “வண்டூரில் இலவச முகாம் நடத்தியிருக்கிறாள். விளம்பரமே தேடாத பெண்.”

“ரெண்டரை அடி ஓட்டை,” என்றார் சுரேந்திரன்.

கைதட்டல் பாதியில் நின்றது.

“அடிப்பாகம் மொத்தமா கிழிஞ்சிருந்தது. சுத்தியால தட்டிப் பாத்தேன். தண்ணிலயும் முக்கிப் பாத்தேன். சொட்டு இறங்கல.”

தன் வாயைத் தன்னையறியாமல் கையால் பொத்திக்கொண்டார் ஒரு துணைத் தலைவர்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஒப்பந்தம். என்ன நடக்கிறதென்று புரியாவிட்டால் அடுத்த உருப்படிக்குப் போய்விடுவது ஜம்புலிங்கத்தின் வழக்கம். திருநாவுக்கரசு தாளை விரித்தார். ஜம்புலிங்கம் பேனா மூடியைக் கழற்றினார்.

“கையெழுத்துப் போடாதீங்கப்பா,” என்றாள் வைஜெயந்தி.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

“என்ன?”

“சார் சொன்னது படகுப்பா. நான்தான் ரிப்பேர் பண்ணேன். கிளினிக்க மூடறேன். லெட்டர்ல எழுதினேனே.”

“எந்தக் கடிதம்?”

“பார்த்தேன்னு பச்சை இங்க்ல எழுதிக் குடுத்தீங்களே. அந்த லெட்டர்.”

ஜம்புலிங்கத்தின் முகம் மாறியது. முப்பத்து நான்கு வருடத்தில் கோப்பு எழுந்து வந்து கேள்வி கேட்டது இன்றுதான். அவர் மகளைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். படிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா எதிர்க்கவே இல்லை. மூன்று வாரமாகத் தான் ஒருத்தியே ஒற்றைக்கு நின்று சண்டை போட்டது புரிந்ததும் அவளுடைய கோபம் எங்கேயோ போய்விட்டது.

“டாக்டர் என்று சொல்லிக்கொள்ள ஊரில் எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள்,” என்றார் ஜம்புலிங்கம், தாழ்ந்த குரலில். “உனக்கு அது பிடிக்காமல் போய்விட்டதா?”

“பிடிக்காமப் போகலப்பா. பதினேழு வயசுல ஒரு பொண்ணு எடுத்த முடிவு அது. நல்ல பொண்ணுதான், நல்ல முடிவுதான். ஆனா அவளுக்கு என்னைத் தெரியாதே. பத்து வருஷம் அவ சொன்னபடி செஞ்சேன். இப்ப எனக்குத் தெரிஞ்சத நான் செய்றேன்.”

“படகு ஒட்டுவதா?”

“ஆமாப்பா. சிலுவைராஜ் அண்ணன் ஷெட்டுல பாதி எனக்குத் தரேன்னு சொல்லியிருக்கார்.”

“ஜனங்கள் உன்னை என்னவென்று அழைப்பார்கள்?”

கடைசி வரிசையிலிருந்து ஆரோக்கியசெல்வியின் குரல் வந்தது. “நாங்க டாக்டரம்மான்னுதான் கூப்பிடுதோம்.”

ஹாலில் சிரிப்பு. ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. சுரேந்திரன் பக்கம் திரும்பினார். “சார், தாங்கள் அந்தப் படகுக்கு எழுத்துப்பூர்வமாகச் சான்று அளித்திருக்கிறீர்களா?”

“குடுத்துட்டேன் சார். சீலோட.”

“சீலோடவா?”

“ரெண்டு சீல்.”

திருநாவுக்கரசு ஒப்பந்தத்தை இன்னும் கொஞ்சம் ஜம்புலிங்கத்தின் பக்கம் தள்ளிப் பார்த்தார். அவர் பேனாவை மூடி, சட்டைப் பையில் செருகினார். மைக்கை நேராக்கினார்.

“இந்த விஷயம் பரிசீலனையில் உள்ளது. திங்கட்கிழமை வரை அவகாசம் கோருகிறேன்.” சற்று யோசித்து, “சமோசா தயாராக உள்ளது,” என்று சேர்த்துக்கொண்டார்.

கூட்டம் எழுந்தது. வைஜெயந்தி மேடையிலிருந்து இறங்கி அம்மாவிடம் வந்தாள்.

“பரிசீலனையாம். தட்டிக் கழிக்கிறார்மா.”

“போடி. வேணாம்னா அந்த மனுஷன் அந்த நிமிஷமே முடியாதுன்னுடுவாரு. பரிசீலனைன்னு அவர் வாயில இதுக்கு முன்ன ரெண்டு தடவதான் வந்திருக்கு. எங்கப்பா ஜாதகம் அனுப்பினப்ப ஒண்ணு.”

“இன்னொண்ணு?”

“பல் டாக்டருக்குத்தான் படிப்பேன்னு நீ சாப்பிடாம கெடந்த அன்னைக்கு.”

வைஜெயந்தி அப்பாவைத் தேடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் கடைசி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வருவதைப் பார்த்து சிலுவைராஜ் கையிலிருந்த சமோசாவோடு எழுந்து நின்றார்.

“உட்காருங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு நான் தங்கள் ஷெட்டைப் பார்வையிட வருகிறேன்.”

“தாராளமா வாங்க சார்.”

“பாதி என் மகளுக்கு என்று சொல்லியிருக்கிறீர்களாம். நல்லது. மின் இணைப்பு இருக்கிறதா? தண்ணீர்?”

“எல்லாம் இருக்கு சார்.”

“இடம் யார் பேரில் இருக்கிறது?”

சிலுவைராஜ் கையிலிருந்த சமோசாவைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். ஆரோக்கியசெல்வி தன் தட்டிலிருந்த சமோசாவை இரண்டாகப் பிய்த்தாள். பிறகு நான்காகப் பிய்த்தாள். எதையும் வாயில் வைக்கவில்லை.